மூன்று மாத்திரைகள்

சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு விதவை சொன்னதில் பாதியை நான் மறைத்தேன். ஐம்பதுகளின் கடைசியில், மரண விசாரணை நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது செய்த தவறு அது.

செம்பவாங் கப்பல் தளத்தில் வேலை பார்த்த அவர் கணவர், நாற்பது வயதுக்காரர், காலையில் சட்டை மாட்டும்போதே விழுந்து இறந்துவிட்டார். உடலைப் பரிசோதித்த சீன மருத்துவர், மருந்து ஏதும் சாப்பிட்டாரா, மனக்கவலை இருந்ததா என்று கேட்கச் சொன்னார்.

“மூச்சு இழுப்புக்கு மாத்திரைங்க. ஒண்ணு போடுற எடத்துல மூணு போட்டாரு. ஆள் குறைக்கப் போறாங்கன்னு பயந்து நாலு நாளா கண்ணே மூடல.”

“இழுப்புக்கு மாத்திரை சாப்பிடுவார். கவலை எதுவும் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று மாத்திரையையும் பயத்தையும் சேர்த்துத் தற்கொலை என்று எழுதிவிட்டால் நம்மவர் குடும்பத்துக்கு அவமானம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

காரணம் தெரியவில்லை என்று விசாரணையை முடித்தார்கள். சில மாதம் கழித்து, சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் இறந்தவரின் தம்பி பேசுவது காதில் விழுந்தது. “டாக்டருக்கே தெரியல லா! சோத்துல என்னத்தக் கலந்தாளோ. அண்ணன் பிள்ளைங்கள நாங்க கூட்டியாந்துட்டோம்.”

அன்றே மருத்துவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. “கொல்லும் அளவுக்கு அந்த இதயத்தில் நோய் இல்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது” என்றார். மறுநாள் அந்த அம்மாளின் அறைக்கு என்னையும் அழைத்துப் போனார். “இந்த முறை நீங்கள் பேசாமல் இருங்கள்” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாளுக்கும் புரிந்த சந்தை மலாய் மொழியில் தானே கேட்டார். மாத்திரை டப்பாவை வாங்கிப் பார்த்தார். கணவருக்கு நெஞ்சு படபடத்ததா, கப்பல் தளத்துக் கங்காணி என்ன சொல்லி மிரட்டினார், கணவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று ஒரு மணி நேரம், அவசரமே இல்லாமல் கேட்டார். இறந்தவரின் பயத்தையும் மருந்தைப் போலவே அளந்து பார்த்த ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவர் எழுதிய கடிதத்தால் விசாரணை மீண்டும் நடந்தது. வேறொருவர் மொழிபெயர்த்தார். நான் கூண்டில் ஏறி என் தவறைச் சொன்னேன். அளவு மீறிய மாத்திரையும் தூக்கமற்ற பயமும் சேர்ந்து இதயத் துடிப்பைக் குலைத்திருக்க வேண்டும், விஷமும் இல்லை, தற்கொலையும் இல்லை என்றார் மருத்துவர். தம்பி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே பிள்ளைகளைத் தாயிடம் கொண்டுவந்து விட்டார். என் வேலை போயிற்று.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த அம்மாள் தேத்தண்ணி வைத்தார்.

“அண்ணே, இதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்?”