தலைமாட்டில் ஒரு துவக்கு

ஜேர்மனியின் ஹம் நகர முதியோர் இல்லத்தில் சமைப்பவர் குணேஸ்வரி அக்கா. குடும்பத்தோடு ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தபோது வீட்டில் பாதி நகை களவு போனது. உடனே அவருடைய கணவர் சிவகுருநாதன் அண்ணை, சத்தம் மட்டும் எழுப்பும் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கிக் கட்டில் தலைமாட்டில் வைத்தார்.

"சும்மா வெருட்டத்தானப்பா."

"கள்ளனுக்கு அது தெரியுமே? அவன் உண்மையாச் சுட்டா?"

"பயந்தாங்கொள்ளி!"

"ஓம். துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு வந்தனாங்கள். அதைப் பக்கத்தில வைச்சு என்னால படுக்க ஏலாது. மிச்ச நகையை நாளைக்கே வங்கியில வைக்கிறன்."

"அப்ப கலியாண வீடுகளுக்கு?"

"கவரிங் போடுவன். ஆரும் கேட்டா, கவரிங் எண்டே சொல்லுவன்."

அண்ணைக்கு அதுதான் பெரிய வெட்கம். ஆனாலும் மறுநாள் அக்கா நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்தார். துப்பாக்கியைப் பொலிஸில் ஒப்படைத்தார்.