தலைவலி என்று எழுதிய கை

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் பதினாறு வருடமாக நான்தான் நர்ஸ். குன்னூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பிறகு தேயிலைக்கு நடுவே பத்து நிமிட நடை. டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் என் ராஜ்ஜியம். கோபக்காரி என்று எனக்குப் பெயர் உண்டு, அதை நான் மறுப்பதும் இல்லை.

வேலைக்கு வர முடியாத தொழிலாளி காலையிலேயே என்னிடம் வந்து சிக் சீட்டு வாங்கிப்போய் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் லீவு. சீட்டில் என்ன நோய் என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முதுகுவலி, கத்திவெட்டு என்று நாலைந்து சொல்லில் எஸ்டேட் வியாதி எல்லாம் அடங்கிவிடும். அடங்காமலும் சிலர் வருவார்கள். தூக்கமே இல்லை என்பாள் ஒருத்தி. கொழுந்து பறிக்கும்போதே சும்மா சும்மா அழுகை வருகிறது என்பாள் இன்னொருத்தி. அவர்கள் எல்லோருக்கும் நான் எழுதியது ஒரே வார்த்தைதான்: தலைவலி. மனசு சரியில்லை என்று எழுதினால் முதலில் சூப்பர்வைசர் வாசிப்பார், சாயங்காலத்துக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க வாசித்துவிடும். அவர்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. இரண்டு பாராசிட்டமாலும் கொடுத்து அனுப்புவேன்.

எனக்கே அது வந்தபோது எனக்கும் அதே வைத்தியத்தைத்தான் செய்துகொண்டேன்.

கொரோனாக் காலம் போய், அடுத்தடுத்த மழையில் மண் சரிந்து, ஞாயிற்றுக்கிழமையும் நோயாளிகள் என் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட வருடங்கள் அவை. ஒருநாள் காட்டெருமை முட்டிய ஒருவரைத் தூக்கிவந்து என் வராந்தாவில் கிடத்தினார்கள். வரும் வழியிலேயே உயிர் போயிருந்தது. அவர் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினாள். நானோ, பஞ்சு தீர்ந்துவிட்டதே, புதிதாகக் கேட்டு ஆபீசுக்கு இண்டெண்ட் போடவேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல், நர்ஸ் என்றால் இப்படித்தான் கல்லாக இருக்கவேண்டும் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அதன்பிறகு காலையில் டிஸ்பென்சரிப் பூட்டைப் பார்த்தாலே கை கனத்தது. யார் இருமினாலும் எரிச்சல். காய்ச்சல் குழந்தையோடு வந்தவளை, "நேத்தே வந்தா என்ன?" என்று கத்தி அழவைத்தேன். தலைவலி என்று முடிவுகட்டி, கண்ணாடியை மாற்றினேன், காப்பியை நிறுத்தினேன், தைராய்டு பார்த்தேன், பி-12 ஊசி போட்டுக்கொண்டேன். எல்லாம் நார்மல். என்னவருக்குக் குந்தாவில் பவர்ஹவுஸ் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். "ஏம்புள்ள, பேசாம ஒரு வாரம் அம்மா ஊட்டுக்குப் போயித் தூங்கு" என்றார். மேட்டுப்பாளையத்துக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். திரும்பி வரும்போது பர்லியார் தாண்டி பஸ் மேலே ஏற ஏற எனக்கு மூச்சு முட்டியது.

வந்த மூன்றாம் நாள் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தடுப்பூசி போட்டேன். மேசைப் பக்கம் திரும்பினேன். மறுபடி ஒரு ஊசியில் மருந்தை ஏற்றி, பஞ்சைத் தொட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன்.

"சிஸ்டர், இப்பத்தானேங்க போட்டீங்க?" என்றாள் அவள்.

அவள் வாய் திறக்காத பெண்ணாக இருந்திருந்தால் போட்டிருப்பேன். முதல் ஊசி போட்டது எனக்கு நினைவே இல்லை. அவளை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்தேன். இந்தக் கை இனி யாரையாவது கொன்றுவிடும் என்று தோன்றியது. நேராக மேனேஜரிடம் போனேன். கொஞ்ச நாளைக்கு நான் ஊசி போடமாட்டேன், ஊசி வேண்டியவர்களை ஜீப்பில் குன்னூருக்கு அனுப்புங்கள் என்றேன். காரணம் கேட்டார். கைவலி என்றேன். பழக்கதோஷம்.

நர்ஸ் வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது, விடவும் இஷ்டமில்லை. அதனால்தான் மனசுக்கு டாக்டரைப் பார்க்கப் போனேன். குன்னூரில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும் என்பதால் ஊட்டி அரசு ஆஸ்பத்திரிக்கு. முகத்தில் மாஸ்க், தலையைச் சுற்றிச் சால்வை. மனநலப் பிரிவு எங்கே என்று யாரிடமும் கேட்கக் கூசி, பல் டாக்டர் அறை வரைக்கும் சுற்றிவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தேன். வாசல் பெஞ்சில் எங்கள் எஸ்டேட் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் குடும்பத்தோடு இலங்கையிலிருந்து வந்தவர், கொழுந்து பறிப்பவர். சால்வையும் மாஸ்க்கும் அவரிடம் எடுபடவில்லை.

"வாங்க சிஸ்டர்" என்று தள்ளி உட்கார்ந்தார். "யாரையாச்சும் கூட்டிட்டு வந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. "எனக்குத்தாம்மா" என்றேன். "நீங்க எத்தன நாளா வர்றீங்க?"

"ரெண்டு வருசமாச்சு. பேங்க்குக்குப் போறேன், ரேசனுக்குப் போறேன்னு ஏதாச்சும் சொல்லிட்டு வந்துருவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே சிஸ்டர். மூணு தரம் வந்தேன். மனசுக்கு ஏலாம இருக்குன்னு சொன்னேன். நீங்க தலைவலின்னு எழுதி மாத்திர குடுத்தீங்க."

குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். எனக்குத்தான் முகம் எரிந்தது. பதினாறு வருடத்தில் இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேனோ. மானத்தைக் காப்பாற்றினேனாம்! என் மேலேயே எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"பயப்படாம போங்க. அந்த டாக்டர் புள்ள நடுவுல பேசாது, நல்லாக் கேக்கும்" என்றார்.

டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். என்ன செய்கிறது என்று கேட்டார். "தலைவலி" என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அப்புறம் ஊசி விஷயத்தைச் சொன்னேன், காட்டெருமை விஷயத்தைச் சொன்னேன், அந்தப் பெண் கதறும்போது பஞ்சை நினைத்ததைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது, இருந்தும் நிறுத்தவில்லை. அவர் அதிரவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. ஓய்வே இல்லாமல் மற்றவர் வேதனையைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இப்படி மரத்துப்போவது உண்டு, கூடவே மனச்சோர்வும் இருக்கிறது, இரண்டையும் சரிசெய்யலாம் என்றார். "ஊசிய நிறுத்தினது சரியான முடிவு, சிஸ்டர். திரும்ப எப்ப எடுக்கலாம்னு நாம ரெண்டு பேருமாப் பார்ப்போம்." நாம என்று அவர் சொன்னது எனக்குத் தெம்பாக இருந்தது.

மாத்திரை முதல் இரண்டு வாரம் நாக்கை வறட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. வாரம் ஒருநாள் அங்கே கவுன்சலரிடம் பேசவேண்டும். அவர் கொடுத்த முதல் வேலை, என் வீட்டுக் கதவு. ஞாயிற்றுக்கிழமை பிரசவம், ரத்தம், மூச்சுத்திணறல் மூன்றுக்குத்தான் திறப்பேன் என்று லயத்தில் சொன்னேன். "ஏனுங்க, இதென்ன கவர்மெண்ட் ஆபீசுங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க, ஞாயித்துக்கிழமை லீவு" என்றேன். ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களுக்கே பழகிவிட்டது.

மேனேஜரிடம் மறுபடி போனேன். "கைவலின்னு சொன்னது பொய்ங்க சார். மனசு சரியில்லாம ட்ரீட்மெண்ட்ல இருக்கேன், வாரம் ஒருநாள் ஊட்டிக்குப் போகணும்." அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். சொந்தக் காரணம் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றார். வேண்டாம், சொன்னபடியே எழுதுங்கள் என்றேன். எழுதினார். சாயங்காலத்துக்குள் லயத்துக்குத் தெரிந்துதான் போயிற்று. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அடுத்த வாரமே இரண்டு பெண்கள் சீட்டு வாங்குகிற சாக்கில் வந்து, ஊட்டியில் எந்த அறை என்று கேட்டுப் போனார்கள்.

மூன்றாம் மாதம் டாக்டரும் நானுமாக முடிவுசெய்து மறுபடி ஊசி எடுத்தேன். போட்டதும் நோட்டில் எழுதுவது, எழுதிய பிறகுதான் திரும்புவது என்று வைத்துக்கொண்டேன். மறதி இல்லை. கோபம்கூடக் குறைந்திருந்தது. ஆனாலும் உள்ளே மரத்த இடம் மரத்தபடியே இருந்தது. யார் அழுதாலும் தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரு மிஷினாகவே மிச்சக் காலம் போய்விடுமோ என்று கவுன்சலரிடம் கேட்டேன். அவசரப்படாதீர்கள் என்றார். அவசரப்படுகிற ஆள் நான், என்ன செய்ய.

போன மாதம் ஒரு நாலு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். குளிக்க வைத்திருந்த வெந்நீர் கையில் கொட்டிவிட்டது. குழந்தை வீறிட்டது. நான் குழாயைத் திறந்து தண்ணீரில் அவள் கையைக் காட்டிப் பிடித்துக்கொண்டேன். கழுவி, களிம்பு தடவும்போது எனக்குப் பார்வை மங்கியது. முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன். கழற்றித் துடைத்துப் போட்டேன், மறுபடி மங்கியது. குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் எரியுதா சிஸ்டர்?"

"ஆமா கண்ணு, எரியுது" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கட்டுப் போட்டேன்.