காதர் பீவி பிடித்த வானம்

ஜொகூர் பாருவில் ஜெகபர் சாதிக் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் பிடிப்பது அவர். பின்கட்டு இருட்டறையில் கண்ணாடித் தகடுகளை மருந்தில் கழுவி எடுப்பது அவர் மனைவி காதர் பீவி. மாப்பிள்ளைகள், சீன முதலாளிகளான தவ்கேக்கள், கங்காணிகள் என்று ஊர் முகங்களையெல்லாம் கழுவி உலர்த்தியவள் தன் கையால் ஒரு படம்கூடப் பிடித்ததில்லை. அந்நியர் முன்னால் வந்து நிற்பது அவர்கள் குடும்பத்து வழக்கமில்லை.

1934ஆம் ஆண்டு ஒருநாள் அவள் சொன்னாள்: “நான் வானத்தப் பிடிக்கப் போறேன், மச்சான். நட்சத்திரத்துக்கு முன்னால வந்து நின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?”

அவர் சிரித்தார். ஆனாலும் பழைய கேமராவையும் முக்காலியையும் துடைத்துக் கொடுத்தார்.

முதல் தகடு கழுவியதும் வெறும் கண்ணாடியாகவே இருந்தது. வெளிச்சம் போதவில்லை. அடுத்ததை நெடுநேரம் திறந்து வைத்தாள். வெளிச்சம் பட்டால் கறுக்கும் தகடு; தெருவிளக்கின் வெளிச்சம் ஏறி முழுவதும் கறுத்துவிட்டது. டவுனில் இது நடக்காது என்று தெரிந்தது. டவுனுக்கு வெளியே தெப்ராவில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி அவளுடைய அண்ணன் ருக்னுதீன் சாப்பாட்டுக் கடை நடத்தினார். கடை மூடி விளக்கணைத்தால் அங்கே கும்மிருட்டு.

கேமராவோடு அங்கே போனாள்; பனி கெடுத்தது. லென்ஸில் ஈரம் படிந்து படமெல்லாம் மங்கிப்போயிற்று. அண்ணனின் அடுப்படியில் உப்பை வறுத்தாள். துணியில் முடிந்து லென்ஸைச் சுற்றிக் கட்டினாள்.

“அலமாக்! கேமராவுக்கு மூட்டுவலியா?” என்றார் ருக்னுதீன்.

“சிரிக்காதீங்க காக்கா. இந்தச் சூட்டுல பனி ஒட்டாது, பாருங்க” என்றாள் அண்ணனிடம்.

ஒட்டவில்லை. ஆனால் அந்தத் தகட்டில் நட்சத்திரங்களுக்குப் பதிலாகக் கோடுகள் விழுந்திருந்தன.

“முக்காலி ஆடிருச்சு புள்ள” என்றார் ஜெகபர் சாதிக். முக்காலியின் காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் கோடுகள். “விட்டுடு லா. தகடுதான் வீணாகுது.”

அவள் விடவில்லை. தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் அடியில் அண்ணன் கடையின் தகரக் கூரை விழுந்திருந்தது. அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலத் துல்லியமாக இருந்தது.

“மச்சான், இங்க வாங்க! கேமரா ஆடியிருந்தா கூரையும் ஆடியிருக்கணும்ல? கூரை அப்படியே நிக்குது. ஆடுனது கேமரா இல்ல. நட்சத்திரம் நகர்ந்து போன தடம் இது!”

அவர் தகட்டை வாங்கிப் பார்த்தார். கிழக்கே கூரைக்கு மேலே அத்தனை கோடுகளும் ஒரே சீராக, மழைக்கம்பிகளைப்போல நேர்க்குத்தாக ஏறிக்கொண்டிருந்தன. “இதப் பெரிசாப் போட்டு வாசல்ல மாட்டணும்” என்றார்.

மாட்டினார்கள். முதலில் நின்று பார்த்தவர் பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை சொக்கநாதன் செட்டியார்.

“என்ன பாய், கீறல் விழுந்த படத்தப் போய் மாட்டியிருக்கீக?”

ஜெகபர் சாதிக் பதில் சொல்லுமுன் பின்கட்டுத் திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காதர் பீவி வெளியே வந்தாள். கடையின் முன்பக்கத்தில் ஆள் இருக்கும்போது அவள் கால் வைத்தது அன்றுதான்.

“கீறல் இல்லங்க, நட்சத்திரம் நடந்த வழி. நான்தான் எடுத்தேன்” என்றாள். கூரையைக் காட்டி, கேமரா ஆடவில்லை என்பதை விளக்கினாள்.

செட்டியார் படத்துக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார். “அடேயப்பா! எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க ஆச்சி. கீழ உங்க பேரு இருக்கணும்.”

அன்று சாயங்காலம் ஜெகபர் சாதிக் வாசல் படத்தைக் கழற்றி, அதன் மூலையில் வெள்ளை மையால் தானே எழுதினார்: படம் பிடித்தவர், காதர் பீவி.

பின்னாளில் வெளிச்சம் அதிகம் வாங்கும் வாய் அகன்ற லென்ஸைப் போட்டு, கொஞ்ச நேரமே திறந்து, நட்சத்திரங்களைப் புள்ளிகளாகவே பிடிக்கவும் அவள் கற்றுக்கொண்டாள். தூரத்து மூவாரிலிருந்துகூட ஆட்கள் படம் கேட்டு வந்தார்கள். யாராவது பாராட்டினால், நிமிர்ந்து உட்கார்ந்து, “கெட்டுப்போன தகடெல்லாம் உள்ள இருக்கு. அதையும் பார்த்துட்டுப் போங்க” என்பாள்.