அவரைக்காய் தந்த பொங்கல் கலர்

முந்தாநாள் விடியற்காலையில் ஒரு அக்கா என்னை மந்திரவாதி என்று நினைத்து மண்வெட்டியோடு வந்துவிட்டார்!

(சிரிக்காதீங்க. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன்.)

நமக்குத் தொழில் கைத்தறி நூலுக்குச் சாயம் போடுவது. படிப்பு பத்தாவதோடு சரி. தெரிந்த கலர் மூன்று: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை.

போன வாரம் எனக்கு நூல் கொடுக்கும் ஜவுளிக்கடை முதலாளி பட்டறைக்கே வந்தார்.

"என்னப்பா, வருசா வருசம் இதே மூணு கலரு? பொங்கலுக்குப் புதுசா காட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரேன். பிடிக்கலேன்னா நூலை வேற பட்டறைக்குக் குடுத்துருவேன். வருத்தப்படக் கூடாது."

வருத்தமா? பொங்கல் நூல் கைவிட்டுப் போனால் பட்டறையைப் பூட்டிவிட்டு ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஐடியா கொடுத்தது என் மகள் ஸ்டெல்லா.

"ப்பா, கலர் அட்டையையே மொறச்சுக்கிட்டு இருந்தா எப்பிடி? வெளிய வாங்க. இந்தப் பனிக்காலத்துல எம்புட்டுக் கலர் இருக்கு!"

மறுநாள் விடியும்போதே மொபட்டில் மலையடிவாரத்து ஆத்தூர் அணைப் பக்கம் கிளம்பினோம். குரங்குக் குல்லா, மப்ளர், அதற்கு மேல் பெட்ஷீட். (கண்ணாடியில் பார்த்து நானே பயந்தேன்.)

அணைப்பக்கம் போனால் ஒரே வெள்ளை! தண்ணீரும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை.

"எங்கடி கலரு? வேட்டி கலர்தான் இருக்கு!"

"செத்த பொறுங்கப்பா."

பனி விலகியது. அடடா!

நெல் அறுத்த தாள் தேன் கலரில் மின்னுகிறது. கத்திரி இலையில் பனி படிந்து வெள்ளிச் சாம்பல். வேலியெல்லாம் டிசம்பர் பூ. இத்தனை வருசம் இந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டா வண்டி ஓட்டினேன்?

ஒரு தோட்டத்தில் அவரைப்பந்தல். காய் முழுக்க வெளிர்பச்சை, விளிம்பில் மட்டும் மெல்லிசாக ஊதா.

"ப்பா! சேலை உடம்பு, பார்டர், ரெண்டும் இதுலயே இருக்கு!" என்று கத்தினாள் ஸ்டெல்லா.

உதிர்ந்து கிடந்ததில் ஒரு கைப்பிடி பொறுக்கிவந்து பட்டறை ஜன்னலில் வைத்தேன். சாயம் கலக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் பிரமாதம்! இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

"என்ன காய் பிலோமினா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஜன்னல்ல வச்சிருந்தீகளே, அந்த அவரைக்காதான்."

"அடியே, அது சாம்பிள்!"

"சாம்பிள்னு காயில எழுதியா ஒட்டியிருக்கு?"

சாம்பிளை மென்று முழுங்கியாச்சு. போட்டோவும் இல்லை, என் செல்போனில் இருப்பது டார்ச் மட்டும்தான். ஞாபகத்தை நம்பி மூன்று பச்சை, இரண்டு ஊதா போட்டேன். எது சரி? காயிடம்தான் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியலில், ஸ்டெல்லாவோடும் காய்ந்த நூல் சிட்டங்களோடும் (நூல் கட்டைத்தான் சிட்டம் என்போம்) மறுபடி அதே தோட்டம். அதே குல்லா. ஒவ்வொரு சிட்டமாகப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே! எவன்டா அவன், எம் பந்தல்ல செய்வினை வைக்கிறவன்?"

"அக்கா, சாயம்க்கா! சாயம்!"

"குல்லா மாட்டிக்கிட்டு இருட்டுல நூல் கட்டுறவன் சாயக்காரனா? அவுருடா அத!"

மண்வெட்டி உயர்ந்தது. ஸ்டெல்லா குறுக்கே ஓடினாள்.

"அத்தை, எங்கப்பாவுக்குச் செய்வினையெல்லாம் வைக்கத் தெரியாது. சாயம் வைக்கவே இப்பத்தான் கத்துக்கிறாரு!"

அந்த அக்கா சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்தது.

"நல்ல புள்ளையப் பெத்திருக்க அப்பு! சரி, பாத்துட்டுப் போங்க."

வெயில் வந்தது. முதல் பச்சை இருட்டு. அடுத்தது மஞ்சளடித்தது. மூன்றாவதை நீட்டினேன். காய் எது, நூல் எது என்று ஸ்டெல்லா தடவிப் பார்த்துத்தான் சொன்னாள்! ஊதாவில் ஒன்றும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் முதலாளி வந்தார். இரண்டு சிட்டத்தையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிலோமினா கதவுக்குப் பின்னால் ஜெபம்.

"ஏம்ப்பா... இம்புட்டு நாளா இத எங்க வச்சிருந்த? பொங்கல் நூல் பூராவும் இதுலயே போட்ரு!"

ஸ்டெல்லா குதித்தாள். நானும் குதித்தேன். (முட்டி இன்னும் வலிக்கிறது.)

இப்போது பட்டறை வாசல் முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக நூல் தொங்குகிறது. கண்கொள்ளாக் காட்சி!

ஒரே சிக்கல்: கலரைக் காட்டிக்கொடுத்த பனி, நூலைக் காயவிட மாட்டேன் என்கிறது.

வெயிலுக்குப் பேர்போன தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களே, உங்கள் ஊரில் வெயில் மிச்சமிருந்தால் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடுங்களேன்?