அம்ரீன் வளராத இரண்டு வருடம்

ஷார்ஜாவிலிருந்து இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்த ஹாஜா முகைதீன் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது இரண்டு கவுன்களை. மயில்கழுத்து நிறம், இடுப்பில் வெள்ளை ரிப்பன், இரண்டும் ஒரே அளவு. ஒன்று மகள் அம்ரீனுக்கு. மற்றது அக்கா ரம்ஜான் பீவியின் மகள் ஷிஃபானாவுக்கு. இரண்டு பெண்களுக்கும் எட்டு வயது. ஒரே நோன்பு மாதத்தில் பிறந்தவர்கள். அதனால் கடையில் அவன் யோசிக்கவே இல்லை. எட்டு வயதுக்கு இரண்டு என்று கேட்டு வாங்கி வந்துவிட்டான்.

பிள்ளைகள் உள்ளறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஷிஃபானா குதித்துக்கொண்டு வந்து நின்றாள். கவுன் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே அளவெடுத்துத் தைத்த மாதிரி நின்றது. பின்னாலேயே மெல்ல வந்த அம்ரீனுக்கு அது தரையைப் பெருக்கியது. தோள்பட்டை கைக்கு இறங்கிக் கிடந்தது. ஆனால் வயிற்றுப் பக்கம் மட்டும் இறுக்கிப் பிடித்து, பின்கொக்கி மாட்டவில்லை.

"என் ராசாத்தி, தலையாணி உறைக்குள்ள பூந்த மாதிரில இருக்கு" என்று ரம்ஜான் பீவி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜாவும் சிரித்தான். அம்ரீன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் சரக்கு இறக்கி ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன் ஹாஜா. வேலை முடிந்து அறைக்குப் போனதும் முதல் வேலையாக வீட்டுக்கு வீடியோ கால் போடுவான். போனில் அம்ரீனின் முகம்தான் தெரியும். அந்த முகம் மாதத்துக்கு மாதம் உருண்டுகொண்டே வந்தது. கன்னம் இரண்டும் பொங்கி, கண் சிறுத்துப்போய், பார்க்கவே கொழுகொழுவென்று இருக்கும். அறையில் உடனிருந்தவர்களிடம் காட்டி, "அல்ஹம்துலில்லாஹ், எம்மக நல்லா ஏறிருக்கு" என்று பெருமைப்பட்டுக்கொள்வான். ஊரில், பனைக்குளத்தில், தினமும் அவளைப் பார்க்கிறவர்களும் அதையேதான் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு அழாத பிள்ளை, உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம், பெற்றவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று அவன் மனைவி சூஃபியாவிடம் பொறாமையாகவே சொன்ன பெண்களும் உண்டு.

மறுநாள் காலையில் ஹாஜா தன் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். பயணம் கிளம்புவதற்கு முன் வாசல் கேட்டருகில் மகளை நிறுத்தி எடுத்த படம் கிடைத்தது. அவள் உச்சந்தலை கேட்டின் குறுக்குக் கம்பிக்கு விரல்கடை கீழே இருந்தது. அம்ரீனைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தினான்.

"எதுக்கு வாப்பா?"

"சும்மா நில்லு புள்ள."

கம்பியை மட்டும்தான் அவள் எட்டியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒரு விரல்கடை. ஹாஜா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றான்.

"சூஃபியா, புள்ள வளரவே இல்லயே."

சூஃபியா மீன் அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நீங்க வந்து ஒரு நாள்தான் ஆகுது மச்சான். வந்ததும் வராததுமா கொற கண்டுபிடிக்க ஆரம்பிச்சாச்சா?"

"ஒன்னயச் சொல்லல."

"வேற யாரச் சொல்றீக? ரெண்டு வருசமா நாந்தானே சோறு ஊட்டுறேன்." தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்தவள் குரல் உடைந்தது. "யூனிபாரம் புதுசு தைக்க வேணாம், போன வருசத்ததே பத்துதுன்னு நான் சொன்னேன்ல? செருப்பும் அதேதான்னு சொன்னேன்ல? நல்லதா போச்சுன்னு சிரிச்சீக. எனக்கு மட்டும் தெரியாதா? உங்க கூடப்பொறந்த லாத்தாட்ட கேட்டேன், எங்க வாப்பா வழி கட்டை, அதான்னுட்டாக. அதோட வாயை மூடிக்கிட்டேன்."

அவள் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. செருப்பு விஷயத்தைச் சொன்ன அன்று பின்னால் யாரோ கூப்பிட்டார்கள் என்று அவசரமாகப் போனை வைத்துவிட்டான்.

சத்துக் குறைவாக இருக்கும் என்றுதான் முதலில் அவனுக்குத் தோன்றியது. விடியற்காலையில் கரைக்குப் போய் வலையிலிருந்து வந்த மீனாகப் பார்த்து வாங்கி வந்தான். நண்டு, முட்டை, பேரீச்சம்பழம், பாதாம் பால். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனே ஊட்டினான். அப்படி ஊட்டும்போதுதான் இன்னும் சிலது கண்ணில் பட்டது. அவள் அப்படியொன்றும் அதிகம் சாப்பிடவில்லை. கொஞ்சம் தின்றுவிட்டுப் போதும் என்றாள். மலம் கழிக்கப் போனால் அழுதுகொண்டுதான் வந்தாள். பங்குனி வெயிலில் ஊரே புழுங்கிக் கிடக்க, மின்விசிறியைப் போட்டால் போர்வை கேட்டாள். தோல் உப்புக்காற்றில் கிடந்த கயிறுபோலச் சொரசொரத்தது. ஒன்று கேட்டால் பதில் வர நேரமானது. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் நொண்டி விளையாடும்போது அவள் அவர்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"டாக்டர்ட்ட காட்டிருவோம்" என்றான் ஹாஜா.

ரம்ஜான் பீவிக்கு அது பிடிக்கவில்லை. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பள்ளிவாசல் ஹஜ்ரத்த கூப்பிட்டு ஓதிப் பாருடா, கண்ணூறுதான் இது. வளர்ற புள்ள ஒரு நேரம் நிக்கும், ஒரு நேரம் விறுவிறுன்னு போகும். ஆஸ்பத்திரிக்குப் போனா அதுக்கொரு சீக்குப் பேரு வச்சு அனுப்பிருவாக. பொம்பளப் புள்ள. ஒரு தடவ பேரு வச்சுட்டா அது போகுமா?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று ஹாஜாவுக்குத் தெரியும். அவன் சின்னவனாக இருந்தபோது இந்த வீட்டுக்குத் தாயாக இருந்தவள் அவள்தான். அவள் மனம் கோணாமல் ஹஜ்ரத்தை வரவழைத்து ஓதவும் வைத்தான். மறுநாள் சூஃபியாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினான்.

பிள்ளைகள் டாக்டர் கனகலட்சுமி கூட்டம் இருந்தாலும் அவசரப்படாமல் பார்க்கிறவர். அம்ரீனை எடை பார்க்கச் சொன்னார், சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார். பழைய தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்த்தார். பிறகு அவளைத் தன் முன்னால் உட்கார வைத்துக் கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார். ஸ்கூலில் யார் உன் ஃபிரண்டு என்று கேட்டார். அம்ரீன் யோசித்து யோசித்து ஷிஃபானா என்றாள்.

"எடை கூடுது, உயரம் மட்டும் நின்னுபோச்சு" என்றார் டாக்டர். "சாப்பிட்டுக் குண்டான புள்ளைகள் சாதாரணமா வயசுக்கு மேல உயரமாத்தான் இருக்கும். இது அப்படி இல்ல. தைராய்டு சுரக்கறது கொறஞ்சிருக்கும்னு நெனக்கிறேன். ரத்தம் எடுத்துப் பாத்துருவோம். கைக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுங்க."

எக்ஸ்ரேயில் அவள் மணிக்கட்டு எலும்பு ஆறு வயதுப் பிள்ளையின் எலும்பு போல இருந்தது. ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே சொன்னது. கழுத்திலிருக்கிற ஒரு சின்னச் சுரப்பி தன் வேலையைச் செய்யாமல் ஒதுங்கியிருந்தது. அதனால் உடம்பு முழுவதும் மந்தமாகிப்போயிருந்தது. முகம் உருண்டது சதையால் மட்டும் அல்ல, பாதி வீக்கம் என்றார் டாக்டர்.

சூஃபியா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "நான் ஏதும் குடுக்காம விட்டதுனாலயா டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க குடுத்ததாலயும் இல்ல, குடுக்காததாலயும் இல்ல. உங்க வளர்ப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. தெனம் காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை. போட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பாலு, பலகாரம் எல்லாம். நிப்பாட்டக் கூடாது. அனேகமா எப்பவும் போட வேண்டியிருக்கும்."

"வளர்ந்துருவாளா?" ஹாஜா கேட்டான்.

"வளருவா. விட்டுப்போன அவ்வளவையும் எட்டிப் பிடிப்பான்னு இப்ப நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கட்டையா நின்னாலும் நிப்பா. ஆனா நல்லா இருப்பா."

திரும்பும் பஸ்ஸில் சூஃபியா ஜன்னலோரம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஹாஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊர்க்காரர்கள் நிறைந்த பஸ்ஸில் அப்படிச் செய்வது அவனுக்கு வழக்கமில்லை. அவள் கையை இழுக்கவில்லை. "எவ்வளவு நாளா நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தேன் மச்சான்" என்று மட்டும் சொன்னாள். அம்ரீன் இருவருக்கும் நடுவில் தூங்கிப்போயிருந்தாள்.

ஹாஜா கம்பெனிக்குப் பேசி லீவை நீட்டிக்கொண்டான். மாத்திரை வேலை அவனுடையதாயிற்று. விடியற்காலை சுபுஹுத் தொழுதுவிட்டு வந்ததும் மகளை எழுப்பி மாத்திரையைக் கொடுப்பான். பசிக்குது என்று அவள் சிணுங்கினால் தெருவில் ஒரு நடை கூட்டிப்போய் நேரத்தைக் கடத்திக்கொண்டு வருவான். முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் அவள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குவதை சூஃபியா பார்த்தாள். பிள்ளை அழாமல் கக்கூஸிலிருந்து வந்தாள். அப்புறம் பேச்சு வந்தது. சாதாரணப் பேச்சல்ல, எதைக் கேட்டாலும் எதிர்க்கேள்வி. ஷிஃபானாவோடு பென்சில் டப்பாவுக்குச் சண்டை போட்டுக் கையைக் கடித்துவைத்தாள். ரம்ஜான் பீவி மகளின் கையைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்க வந்தாள்.

"பல்லுப் பதிஞ்சிருக்கு பாரு சூஃபியா!"

"அல்லாவே, இவளா கடிச்சா?" என்ற சூஃபியாவின் முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து ரம்ஜான் பீவிக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது.

கோடை முடியும்போது கன்னம் வற்றிவிட்டது. ஒரு நிக்காஹ் வீட்டில் பிள்ளையைப் பார்த்த உறவுக்காரப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். எப்படி இருந்த பிள்ளை, வாப்பா வந்த நேரம் இப்படி இளைத்துப்போச்சே என்றார்கள். ரம்ஜான் பீவி தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். ஆனால் பேசியது ஹாஜா அல்ல.

"தைராய்டு கொறவு" என்றாள் சூஃபியா, பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற குரலில். "மாத்திரை போடுறோம். இப்பத்தான் உடம்பு சரியாகுது."

ஓரத்திலிருந்த ஒருத்தி, எனக்கும் மாத்திரைதான், காலையில் எந்நேரம் கொடுக்கிறாய் என்று கேட்டாள். பேச்சு அப்படியே வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரம்ஜான் பீவி கொஞ்ச தூரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு, "சரி விடு. கேக்குறவன் கேக்கட்டும். நம்ம புள்ளைக்கு என்ன கொறச்சல்" என்று தானாகவே சொல்லிக்கொண்டாள்.

ஹாஜா புறப்படுவதற்கு முந்தின வாரம் மறுபடி டாக்டரிடம் போனார்கள். உயரம் அசைந்திருந்தது. அதிகமில்லை. ஆனால் அசைந்திருந்தது. டாக்டர் மாத்திரை அளவைக் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொடுத்தார்.

மதுரை ஏர்போர்ட்டுக்குக் கார் வந்து நின்ற அன்று மாலை, பெட்டிகளை ஏற்றி முடித்து எல்லோரும் வாசலில் நின்றார்கள். அம்ரீனைக் காணோம். சூஃபியா பதறிப்போய்த் தெருமுனை வரைக்கும் போய்க் கூப்பிட்டாள். ஹாஜாவுக்கு முகம் சுருங்கித்தான் போயிற்று. தேடிப்போனபோது மதரஸாவுக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தில் அவள் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் புழுதி, நெற்றியில் வியர்வை.

"அம்ரீன்! வாப்பா கெளம்புறேன் புள்ள!"

"இந்தா வாரேன் வாப்பா, இவளத் தொட்டுட்டு வாரேன்!"

அவள் நிற்கவே இல்லை. கார்க்காரர் ஹாரன் அடித்தார். ஹாஜா அவசரப்படாமல் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டான்.