கறுப்புப் புடவைக்கு நீல ஃபால்

என் தங்கை பூமாரி ஃபால் வைத்துக் கொடுத்த புடவையில் தையல் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புடவையின் கீழ் ஓரம் மடங்காமல் விழுவதற்காக உள்பக்கம் வைத்துத் தைக்கும் நீளத் துணியைத்தான் ஃபால் என்கிறோம். தாராவியில் நிறையப் பேர் அதை மெஷினில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பூமாரி பட்டுப் புடவைக்கு மெஷினைத் தொட மாட்டாள். பாய் விரித்து உட்கார்ந்து, கையாலேயே தைப்பாள். ஊசி ஒரே ஒரு இழையை மட்டும் எடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நூல் தெரியாது.

நூல் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் கலர் சரியாக இருக்க வேண்டும். அதற்காக அவள் சுவரில் கட்டம் கட்டமாக ஒரு மர ரேக் அடித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கலர். நூலும் அங்கேயே, அந்த நூலுக்குப் பொருந்தும் ஃபாலும் அங்கேயே. கணவர் இறந்த பிறகு மகன் ஆதித்யனை அந்த ரேக்கை வைத்துத்தான் வளர்த்தாள். இப்போது அவன் அந்தேரியில் வேலைக்குப் போகிறான், சம்பாதிக்கிறான், வீட்டில் இருங்கள் அம்மா என்கிறான். அவள் கேட்பதில்லை. மாட்டுங்காவிலிருந்து புடவை வருவது நிற்கவும் இல்லை.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் ஆதித்யனும் அவன் மனைவி ஜெபாவும் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். ரேக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியது ஜெபா. சுறுசுறுப்பான பெண். நூல்களையும் ஃபால்களையும் கன்னாபின்னாவென்று இல்லாமல், ஒவ்வொரு கலரையும் வெளிர் நிறத்தில் ஆரம்பித்து அடர்ந்த நிறத்தில் முடிகிற மாதிரி வரிசையாக அடுக்கினாள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பொங்கல் கழிந்து நான் திலக் நகரிலிருந்து தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். ஜெபா போட்டுத் தந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது ருக்கு மாமி வந்தார். கிங்ஸ் சர்க்கிள்காரர், பாலக்காட்டுக் குடும்பம். தன் வீட்டுப் புடவைகளுக்குப் பூமாரியை விட்டால் வேறு ஆள் கிடையாது அவருக்கு. பேத்தி ஷ்ருதிக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. அவர்கள் வழக்கப்படி அதற்குக் கறுப்புப் புடவைதான் கட்ட வேண்டும். கறுப்பில் ஒரு பட்டு எடுத்து ஃபால் வைக்கக் கொடுத்திருந்தார். வாங்கிக்கொண்டு போனவர் அதே பையோடு திரும்பி வந்திருந்தார்.

"பூமாரி, நீ தெச்சதுன்னா நான் பிரிச்சே பாக்க மாட்டேன். இன்னிக்கு ஷ்ருதி பால்கனில வெயில்ல உதறினா, அப்பத்தான் தெரிஞ்சது. கறுப்புப் புடவைக்கு நீல ஃபாலா வெப்பா?"

"நீலமா? கறுப்புதான மாமி வச்சேன்."

"நன்னா பாரு."

பூமாரி புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள்.

"இது கறுப்புதான் மாமி. உங்களுக்குத்தான் கண்ணு சரியில்ல."

மாமி சிரித்துவிட்டார். "என் கண்ணு ரெண்டும் போன வருஷமே ஆபரேஷன் ஆயாச்சு. ரெண்டும் புதுசு. நீ உன்னோடதப் பாரு."

பூமாரி என்னைப் பார்த்தாள். எனக்கும் அது நீலமாகத்தான் தெரிந்தது, நல்ல அடர் நீலம். எழுந்து ரேக்கிலிருந்து ஒரு நூலை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன்.

"ஏட்டி, இது என்ன கலர்?"

அவள் நூலைப் பார்க்கவில்லை. என் கையைத் தாண்டி ரேக்கைப் பார்த்தாள்.

"எந்தக் கட்டத்துல இருந்து எடுத்த?"

அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு காலமாகவோ அவள் கலரைப் பார்த்து எடுக்கவில்லை, இடத்தை வைத்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கை பழகிய இடம் தப்பவில்லை என்பதால் வேலையும் தப்பவில்லை. ஜெபா அடுக்கை மாற்றினாள், கறுப்பு இருந்த கட்டத்துக்கு நீலம் வந்துவிட்டது.

ஜெபாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "அத்தை, நான் கேட்டுட்டு வச்சிருக்கணும்."

"நீ என்னட்டி செய்வ, துடைச்சுத்தான வச்ச," என்றாள் பூமாரி. பிறகு மாமியிடம், "நாளைக்குச் சாயங்காலம் தாறேன் மாமி, பிரிச்சுத் தச்சு," என்றாள்.

தைத்தும் கொடுத்தாள். ஜெபா கறுப்பை எடுத்துத் தந்தாள், இவள் விரலாலேயே தடவி இழை எடுத்துத் தைத்தாள். தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் முடித்துவிட்டு ஊசியைக் குத்தி வைக்கும்போது சொன்னாள்: "கலர் சொல்ல ஒரு ஆளு வேணும்னா நான் என்னக்கா தையக்காரி? இதோட மூட்டை கட்டிற வேண்டியதுதான்."

"கண்ணக் காட்டு முதல்ல."

"மோதியாபிந்துன்னா பழுக்கணும்னு சொல்லுதாங்க. பழுக்காம கத்தி வச்சா ஊசி பிடிக்க முடியாமப் போயிரும்."

கண்புரையை அந்தப் பக்கத்தில் எல்லாரும் மோதியாபிந்து என்றுதான் சொல்வார்கள். பழுக்கட்டும் என்று காத்திருந்த காலத்தில் அவள் சும்மா இருக்கவுமில்லை. சயான் ஸ்டேஷன் வாசலில் நடைபாதையில் விற்கிற கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். குளிர்ச்சிக்கென்று தினமும் கண்ணில் பன்னீர் விட்டிருக்கிறாள். ட்யூப் லைட்டைக் குறை சொல்லிப் புது லைட் மாட்டியிருக்கிறாள்.

ஜெபாதான் சயானில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி நேரம் வாங்கினாள். டாக்டர் பத்மஜா தெலுங்குக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். கண்ணில் மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்த பிறகு, விளக்கு வைத்துப் பார்த்தார். கண்ணின் அழுத்தம் பார்த்தார். உள்ளே விழித்திரையையும் பார்த்தார்.

"ரெண்டு கண்லயும் புரை இருக்கு. லென்ஸ் பழுப்பாயிடுச்சு. அதனால நீலமும் கறுப்பும் ஒண்ணாத் தெரியும், வெள்ளை க்ரீமாத் தெரியும்."

"இன்னும் பழுக்கட்டுமா டாக்டர்?"

"மாங்காயா அது, பழுக்க? முன்னாடி அப்படிச் சொல்வாங்க. இப்போ வேலைக்கு இடைஞ்சலா இருந்தா அதுதான் நேரம். ரொம்ப விட்டா கெட்டியாயிடும், எடுக்கிறது கஷ்டம். வேற என்ன போடறீங்க கண்ல?"

நான் பன்னீரைச் சொன்னேன்.

"அத சாமிக்குத் தெளிங்க. கண்ணுக்கு நான் எழுதித் தர்றது மட்டும்தான்."

ரத்தம் பரிசோதித்ததில் சர்க்கரை கூடியிருந்தது. அது இறங்கிய பிறகுதான் ஆபரேஷன் என்றார் டாக்டர். சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் தவறாமல் கண்ணின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கே ரத்தக் குழாய் கசிந்தால் ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் குறையாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும் என்றும் சொன்னார். பூமாரிக்கு அதுவரை போகவில்லை. மாத்திரையும் ஆரம்பித்தாள், டீயில் சர்க்கரையையும் நிறுத்தினாள். முதல் சில நாள் டீயைக் குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

அடுத்த தடவை போனபோது டாக்டர் கேட்டார்: "உள்ள வைக்கிற லென்ஸ் தூரத்துக்குச் சரியா இருக்கும். தையலுக்குக் கண்ணாடி போடணும். தைக்கிறப்போ ஊசி கண்ல இருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?"

பூமாரி கையை நீட்டிக் காட்டினாள், மடக்கிக் காட்டினாள். இரண்டும் வேறு வேறாக இருந்தன.

"வீட்ல தைக்கும்போது யாரையாவது அளக்கச் சொல்லுங்க. படிக்கிற தூரம் வேற, தைக்கிற தூரம் வேற. அத வச்சுத்தான் கண்ணாடிக்கு எழுதணும்."

அளந்தது நான்தான். அவள் பாயில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கையில் மூக்குத்தண்டிலிருந்து ஊசிமுனை வரைக்கும் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். "மூச்சு விடாதட்டி" என்றால் சிரிக்கிறாள், ஊசி ஆடுகிறது. மறுபடி அளந்தேன். மெஷினில் உட்கார்ந்தபோது இன்னொரு நூலில் தனியாக அளந்தேன். இரண்டு நூலையும் சுருட்டி அவள் பர்ஸில் வைத்தேன்.

மாசி பிறப்பதற்குள் சர்க்கரை இறங்கிவிட்டது. முதலில் வலது கண். காலையில் கூட்டிப்போனோம், சாயங்காலம் டாக்ஸியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். வலித்ததா என்று கேட்டதற்கு, "உள்ள ஒரே வெளிச்சம், அவ்வளவுதான்" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். சந்துக்குள் நுழைந்ததும் பக்கத்து வீட்டு ஷைஸ்தா, "க்யா பாத் ஹை ஆன்ட்டி, ஷூட்டிங்கா?" என்றாள். "ஆமா, நீதான் வில்லி" என்றாள் இவள்.

வீட்டுக்குள் வந்து கண்ணாடியைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆதி, நீ வெள்ளையா அடிச்ச?"

"ஆமாம்மா. ஏன்?"

"க்ரீம் அடிச்சிருக்கன்னு நெனச்சேன். உன் ரசனை அவ்வளவுதான்னு சும்மா இருந்துட்டேன்."

இடது கண்ணை மூடினாள், வெள்ளை. வலது கண்ணை மூடினாள், க்ரீம். அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் செய்து காட்டினாள். கண்ணைக் கையால் தொடாதே என்று ஜெபா அதட்ட வேண்டியிருந்தது. ஜெபா மொபைலில் அலாரம் வைத்து நேரம் தவறாமல் மருந்து விட்டாள், ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றவும் அடுப்பில் தாளிக்கவும் விடவில்லை. பூமாரி முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

சில வாரம் கழித்து டாக்டர் தைக்கலாம் என்று சொல்லி, நான் அளந்த நூல்களை வைத்துப் பார்த்து, கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். கண்ணாடி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். ருக்கு மாமி ஒரு புடவை அனுப்பியிருந்தார். மயில் கழுத்து நிறம். நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது.

பூமாரி ரேக்கின் முன்னால் போய் நின்றாள். ஜெபா பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, பழையபடி அடுக்கிரவா? எது எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க, மாத்திருதேன்."

பூமாரி நீலமெல்லாம் இருந்த வரிசையைப் பார்த்தாள். ஒரு நூலை எடுத்துப் புடவை மேல் வைத்தாள், வேண்டாமென்று திருப்பி வைத்தாள். பக்கத்துக் கட்டத்திலிருந்து இன்னொன்றை எடுத்தாள். புடவை மேல் அதை வைத்தபோது அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

"இப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் அடுக்கியிருக்க," என்றாள்.

பாயை விரித்து உட்கார்ந்தாள். நூலை ஊசியில் ஒரே தடவையில் கோத்தாள்.

"எக்கா, இடது கண்ணுக்கு எப்ப வரச் சொன்னாங்க?"

"அடுத்த மாசம்."

"முன்னாடியே முடியுமான்னு கேளு," என்று சொல்லிவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள்.