உள்ளங்கை அகல வெயில்

எங்கள் ஷெட்டில் மொத்தம் மூன்று பேர். முதலாளி வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார். பேசுவது மட்டும்தான் அவர் வேலை. நான் தையல் மிஷினில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பேன். எனக்கு எதிரே, ஏதாவது ஒரு காரின் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஒருவன் இருப்பான். அவன் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது அவன் தொழில். நான் அவனுக்கு வைத்த பெயர் நிழல்காரன்.

சோப்புத் தண்ணீர் தெளிப்பான். ஃபிலிமைப் பரப்பி, ரப்பர் பட்டையால் வழித்து, ஒரு குமிழி இல்லாமல் தண்ணீரை வெளியே தள்ளுவான். பிறகு பிளேடை எடுத்து ஓரத்தை வெட்டுவான். அளவுகோல் கிடையாது, இரண்டாவது முறை கிடையாது. ஒரே இழுப்பு. கண்ணாடியில் கீறலே விழாது. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், அந்த ஒரு இழுப்பைப் பார்க்கும்போது மட்டும் என் கால் மிஷினை மிதிக்க மறந்துவிடும். இதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறும் என்று நினைத்தேன். ஏறக்கூடிய ஆள் இல்லை அவன். பேச்சில் மகா கஞ்சன். அந்தக் குறையை நான் என் வாயால் ஈடுகட்டினேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆகி, மகள் பிறந்த சில மாதங்களில் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனது. கன்னம் இரண்டும் சிவந்து தடித்தன, விரல் மூட்டுகள் வீங்கின. உடம்பு தன்னைத் தானே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் என்றார்களாம். அதற்கு வெயில் ஆகவே ஆகாது, வெயில் பட்டால் நோய் முறுக்கிக்கொண்டு எழும் என்றார்களாம். அந்த வாரமே ஷெட்டில் மிஞ்சியிருந்த கறுப்பு ஃபிலிம் துண்டுகளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான். எல்லா ஜன்னலிலும் ஒட்டினான். மற்றவர்கள் பெண்டாட்டிக்கு நகை, புடவை என்று வாங்கிக் கொடுப்பார்கள். இவன் தன் கையால் இருட்டு செய்து கொடுத்தான். அதைவிடப் பிரியமாக யாரும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனாலும் அவள் போய்விட்டாள். நோய் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. குழந்தைக்கு அப்போது மூன்று வயது.

வெயில் ஆகாதவள் போன பிறகு அந்த ஃபிலிமுக்கு வீட்டில் வேலை இல்லை. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவன் கண்ணுக்கு வெளிச்சமெல்லாம் பேயாகிவிட்டது. ஒருநாள் என் மிஷின் அருகே வந்து நின்றான்.

“அக்கா, வாலுவுக்கு முழுக்கைச் சட்டை தைச்சுக் குடுங்க. கை விரல் வரைக்கும் வரணும். கழுத்தும் மூடணும்.”

வாலு என்பது அவன் மகள். தவழும் வயதில் என் நூல்கண்டுகளையெல்லாம் ஷெட் முழுக்க இழுத்துக்கொண்டு போனதால் நான் வைத்த பெயர். ஏன் என்று கேட்டேன். அம்மாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாமே என்றான். தைத்தேன். சும்மா தைக்கவில்லை, கட்டைவிரலுக்கு ஒரு ஓட்டை, காலருக்குப் பின்னால் மடித்துவிட ஒரு பட்டி என்று யோசித்து யோசித்துத் தைத்தேன். வருஷா வருஷம் அளவு கூட்டித் தைத்தேன். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்புக்கு அவளை வெளியே விடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தான். பள்ளி விட்டதும் ஷெட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். வாலு என்ற பெயருக்கு அவளிடம் வேலையே இல்லாமல் போயிருந்தது. ஏழு வயதுப் பிள்ளை அப்படி அசையாமல் இருக்கக்கூடாது. சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் அவள் தரையிலிருந்து எழுந்தபோது கவனித்தேன். மிஷின் காலைப் பிடித்து, பிறகு என் முழங்காலைப் பிடித்து, படிப்படியாக எழுந்தாள்.

“கால் வலிக்குதாடி?”

“தினமும் வலிக்குது அத்தை. படி ஏறும்போது ரொம்ப வலிக்கும். அப்பாகிட்ட சொல்லாதீங்க.”

“ஏன்?”

“அப்பா பயந்துப்பாரு.”

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. சொல்லாதே என்றாள், நான் உடனே சொன்னேன். மறுநாள் மூவரும் டாக்டரம்மாவிடம் போனோம்.

படம் எடுத்து, ரத்தம் பார்த்து, நான்கு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

“எலும்பு வலுவே இல்லாம இருக்கு. கால் வளைய ஆரம்பிச்சிருக்கு. இந்தப் பொண்ணு மேல வெயிலே படறதில்லையா?”

“ஜன்னல்கிட்ட உக்காருவா மேடம்,” என்றான். அந்த ஜன்னலின் லட்சணத்தை அவன் சொல்லவில்லை.

“கண்ணாடி வழியா வர்ற வெயில் இதுக்கு உதவாது. நேரா தோல்ல படணும்.”

“அவங்க அம்மாவுக்கு...”

“நீங்க சொன்னீங்களே. அதையும் சேர்த்துத்தான் பாத்தேன். அந்த நோய் இவளுக்கு இல்ல. மருந்து எழுதித் தரேன், அது மட்டும் போதாது. கையும் காலும் வெளிய தெரியற மாதிரி தினமும் ஒரு பதினைஞ்சு நிமிஷம் வெயில்ல நிக்கட்டும். உச்சி வெயில் வேணாம், தோல் சிவக்கற அளவுக்கும் வேணாம். அதுக்கு மேல விளையாடணும்னா தொப்பி போடுங்க, க்ரீம் தடவுங்க, உங்க முழுக்கையை அப்போ போட்டுவிடுங்க. இப்பவே செஞ்சா கால் நேராயிடும். விட்டுட்டீங்கன்னா அப்புறம் ஆப்பரேஷன்தான்.”

மருந்தைக் கடிகாரம் வைத்துக் கொடுத்தான். வெயில் மட்டும் கொடுக்கவில்லை. ஒருநாள் தூசி என்றான், ஒருநாள் அனல் என்றான், ஒருநாள் மகளுக்குத் தும்மல் என்றான். பத்து நாள் ஆயிற்று. என் வாய் சும்மா இருக்குமா?

“ஏன்டா தம்பி, நீ பெத்த பொண்ணா, இல்ல பொட்டியில வெச்சுப் பூட்டற சாமானா? கால் வளைஞ்சு போனா, நீ ஒட்டற ஃபிலிமை வெச்சு நிமித்துவியா?”

அவன் பிளேடைக் கீழே வைத்தான். வெட்டிக்கொண்டிருந்த வெட்டைப் பாதியில் நிறுத்தி அன்றுதான் பார்த்தேன்.

“வாலுவோட அம்மா ஒரு நாள் பார்க்குக்குப் போகணும்னு கேட்டா அக்கா. ஒரே ஒரு மணி நேரம்னா. பாவமா இருந்துச்சு, கூட்டிட்டுப் போனேன். குழந்தை அவ மடியில இருந்துச்சு, நல்லா சிரிச்சுக்கிட்டிருந்தா. அன்னிக்கி ராத்திரி படுத்தவதான். அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா நாலு மாசம், அவ்வளவுதான். நான்தான் கூட்டிட்டுப் போனேன்.”

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் சேர்த்துப் பேசிய நீளமான பேச்சு அது. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா எனக்கு எதிரே நான்கு வருஷமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்?

ஆனாலும் வாலுவின் கால் காத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கத்திரிக்கோலோடு அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. அந்த நேரத்திலும் வீட்டில் ஒரு மங்கல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த எனக்குச் சுவர் எது, நாற்காலி எது என்று தெரியவில்லை, முழங்காலில் இடித்துக்கொண்டேன். அப்பாவும் மகளும் அதற்குள் சாதாரணமாக நடமாடினார்கள். இந்த இருட்டில் இவர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க என்ன பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்றும் தெரிந்தது.

“நான் தைச்சது. நானே வெட்டறேன்,” என்று வாலுவின் சட்டைகளைக் கேட்டு வாங்கி, கைகளை முழங்கைக்கு மேலே கத்தரித்தேன். அவன் தடுக்கவில்லை. உதவவும் இல்லை.

“வெளிய விட மனசு வரலேன்னா போகட்டும்டா. புள்ளை ரூம்லயாவது இந்தக் கறுப்பை உரி. பகல் எது, ராத்திரி எதுன்னாவது அதுக்குத் தெரியட்டும்.”

அதற்கு மட்டும் தலையாட்டினான். அவள் அறையில் ஒரே ஜன்னல். மனைவி போன பிறகு அதற்கு முன்னால் துணி அலமாரியையும் நிறுத்தியிருந்தான். இரண்டு பேருமாகப் பிடித்து நகர்த்தினோம்.

அலமாரி நகர்ந்ததும் தரையில் ஒரு துண்டு வெயில் விழுந்தது. உள்ளங்கை அகலம்தான்.

ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்கு ஃபிலிம் இல்லை. தானாக உரிந்திருக்கும் என்றேன். அவன் மண்டியிட்டு விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தான். வெகு நேரம் தடவினான்.

“உரியல அக்கா. வெட்டியிருக்கு. நான் வெட்டினா ஒரே இழுப்பு. இது பாருங்க, பத்து இருபது கீறல்.”

நானும் குனிந்து பார்த்தேன். கோணல்மாணலான சதுரம். கண்ணாடியெல்லாம் கீறல். பழக்கமில்லாத கை அழுத்தி அழுத்திப் பிளேடை இழுத்திருக்கிறது.

“இந்த இடத்துலதான் குழந்தையோட கட்டில் கிடந்துச்சு,” என்றான். “அப்போ வீட்டுல ஒரு பிளேடு காணாம போச்சு. அவகிட்ட கேட்டேன், எனக்கென்ன தெரியும்னா. நான் வீட்டுக்கு வர்றதே பொழுது சாஞ்சப்புறம். எப்பவும் திரை மூடியிருக்கும். அவ போனப்புறம் திரையைக் கழட்டிட்டு அலமாரியை வெச்சதும் ராத்திரியிலதான்.”

விளக்கம் வேறு வேண்டுமா? தனக்கு ஆகாத வெயிலைத் தன் பிள்ளைக்கு என்று ஒரு உள்ளங்கை அளவு உள்ளே விட்டிருக்கிறாள். கண்ணாடி வழியாக வந்த அந்த வெயிலால் எலும்புக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. அவளுக்கு அது தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவன் தன் கையை அந்த ஓட்டைக்கு நேரே கொண்டுபோனான். விரல்மேல் வெயில் விழுந்தது.

“வெட்டி முடிக்கற வரைக்கும் அவ கைமேல பட்டிருக்குமே அக்கா,” என்றான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் எழுந்து, “வாலு, மாடிக்குப் போலாமா?” என்று கூப்பிட்டான்.

மொட்டைமாடி வரை அவளைத் தூக்கிக்கொண்டு போனான். வெயிலில் இறக்கி விட்டுவிட்டு, படிக்கட்டுக் கதவின் நிழலுக்குள் வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். அரைக்கைச் சட்டையில் அவள் கைகள் வெளுத்துக் கிடந்தன. இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“அப்பா, சூடா இருக்கு!”

“வந்துடறியா?”

“வேணாம். நல்லா இருக்கு.”

பதினைந்தாவது நிமிஷம் கூப்பிட்டான். அவள் வந்ததும் கன்னத்தைத் திருப்பிச் சிவந்திருக்கிறதா என்று பார்த்தான். சிவக்கவில்லை. மறுபடி பார்த்தான்.

அதன் பிறகு ஒருநாள்கூடத் தவறவில்லை. வாலு இப்போது படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிறாள், என் நூல்கண்டுகளுக்கு மறுபடி ஆபத்து வந்திருக்கிறது. தொப்பி தைத்துக் கொடுத்தேன், தொலைத்துவிட்டு வந்தாள், திட்டிவிட்டு இன்னொன்று தைத்தேன். நிழல்காரன் மட்டும் முன்னைப்போலவே கார் கதவுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லா ஜன்னலிலும் ஃபிலிமை உரித்துவிட்டிருந்தான். மகளை வெளிச்சமான முன்னறைக்கு மாற்றிவிட்டு, அந்த ஓட்டை ஜன்னல் இருந்த அறையில் தான் படுத்துக்கொள்கிறானாம். அங்கே மட்டும் கறுப்பு அப்படியே இருந்தது.

“இதை ஏன்டா விட்டு வெச்சிருக்க? உரிச்சுப் போட வேண்டியதுதானே.”

“உரிச்சா அவ வெட்டினதும் சேர்ந்து போயிடுமே அக்கா.”

அவன் பாய் சுவர் ஓரமாக இல்லை. அந்த ஜன்னலின் கீழே, வெயில் விழுகிற இடத்தில் விரித்திருந்தது.